ஓர வீட்டுக்குத் துருத்தி நிற்கும் சன்னல்: எந்த வகை நம்ம ஊருக்கு ஒத்துவரும்?

ஓரவீட்டுக்காரி (சுங்கை சிப்புட், மலேசியா)

எல்லாருக்கும் வணக்கம். எங்களுடையது சுங்கை சிப்புட் தாமான் (வீடமைப்புக் குடியிருப்பு) ஒன்றில் ஒற்றை மாடி தெரஸ், வரிசையின் ஓர வீடு. தரை டைலும் சமையலறையும் மாற்றப் போகிறோம். அந்தத் தூசியோடு தூசியாக ஒரு சன்னலையும் வெளியே தள்ளிக் கட்டிவிடலாம் என்று நினைக்கிறேன்.

காரணம் அம்மா. ரப்பர்த் தோட்டத்தில் மரம் சீவியவர். லயத்து அஞ்சடியில் (வீட்டு முன் தாழ்வாரத்தில்) கால் நீட்டி உட்கார்ந்து, போகிறவர் வருகிறவரை எல்லாம் நிறுத்தி விசாரித்துக்கொண்டே பூக்கட்டுவார். தாமான் வீட்டில் அஞ்சடி ஏது? போர்ச்சில் கார் நிற்கிறது, அதற்கு முன்னால் கேட். பிளாஸ்டிக் நாற்காலியைக் கேட் ஓரமாக இழுத்துப் போட்டு உட்கார்கிறார், அரை மணியில் முட்டி வலி வந்துவிடுகிறது. ஆகவே உள்ளேயே, சன்னலோடு சேர்ந்த திண்டு மாதிரி ஒன்று வேண்டும்.

கண்டிராக்டரிடம் கேட்டால் படப்புத்தகத்தை நீட்டி, "எல்லாம் ஒன்றுதான் அக்கா, உங்களுக்குப் பிடித்ததைச் சொல்லுங்கள்" என்கிறார். எனக்கு வில் மாதிரி வளைந்து வரும் போ விண்டோ பிடித்திருக்கிறது. வீட்டுக்காரருக்கு மூன்று பலகமாக முகம் திருப்பி நிற்கும் பே விண்டோ. பெட்டி மாதிரி நேராகத் துருத்துவதும் உண்டாம், அது எனக்குக் கடை கவுண்டர் போலத் தெரிகிறது. அப்புறம் சமையலறை சிங்க் மேல் சின்னதாக ஒரு கார்டன் விண்டோ (செடித் தொட்டி வைக்கும் கண்ணாடிப் பெட்டிச் சன்னல்) வைத்து, கருவேப்பிலையும் புதினாவும் வளர்க்க ஆசை.

விவரம்: வீட்டு முகப்பு மேற்கு. பக்கச் சுவர் வடக்கு. அந்தப் பக்கம் எங்கள் புல்தரை, அதைத் தாண்டிச் சாலை. கிழக்கு மூலையில் கோயிலும் வடைக் கடையும். வடக்கு அறை 12-க்கு 12. இப்போது அதில் 6 அடி அகலம், 4 அடி உயரத்தில் சாதாரண இழுப்புச் சன்னல் இருக்கிறது. முன் ஹாலில் வைப்பதா, இந்த அறையில் வைப்பதா என்பதுகூட முடிவாகவில்லை. கட்டியவர்கள், கட்டிக்கொடுத்தவர்கள் சொல்லுங்கள்.

குளிர்மலை (தானா ராத்தா)

எங்கள் வீட்டில் போ விண்டோதான், ஐந்து பலகம். காலையில் வெளிச்சம் அறை முழுவதும் பரவும், பார்க்கவே அழகு. ஆனால் இங்கே இரவில் 15, 16 டிகிரிக்கு இறங்கும், வெயில் உள்ளே வந்தால் சந்தோஷப்படுகிறவர்கள் நாங்கள். வெள்ளைக்காரன் ஊரிலும் குளிர்காலத்தில் தாழ்வாக வரும் வெயிலை மூன்று பக்கமும் ஏந்திப் பிடிக்க இந்தச் சன்னல்கள் உதவும். சுங்கை சிப்புட்டில் மேற்கு முகப்பில் வைத்தால் மாலை நான்கு மணிக்கு அந்த அறையில் வடகம் காயப் போடலாம்.

தைப்பிங் மழை (தைப்பிங்)

தங்கச்சி, நான் கட்டட சைட்டில் மேற்பார்வை பார்த்து ஓய்வு பெற்றவன். நம் ஊர் மழை தெரியும்தானே, அதனால்தான் இந்தப் பெயர். நீளமாக எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் படப்புத்தகத்தை மூடி வையுங்கள். எந்தச் சுவர் என்பதுதான் முதல் கேள்வி, எந்த வடிவம் என்பது அடுத்தது. மேற்குச் சுவருக்கு நம் பக்கத்தில் இரண்டு தாக்குதல் வரும். ஒன்று பிற்பகல் வெயில். இன்னொன்று, ஏப்ரல் தொடங்கி நவம்பர் வரை சுமத்ரா பக்கமிருந்து விடியற்காலையில் வருகிற காற்று மழை. அது மேலிருந்து பெய்யாது, பக்கத்திலிருந்து அடிக்கும். அந்த முகப்பில் சன்னலை வெளியே தள்ளினால் ஒவ்வொரு இணைப்பும் அதற்கு நெஞ்சைக் காட்டிக்கொண்டு நிற்கும். முன் ஹாலை மறந்துவிடுங்கள்.

வடக்குச் சுவர் நல்ல சுவர். நாம் இருப்பது நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறக்குறைய 5 டிகிரி. ஜூன் மாத உச்சி வேளையில்கூடச் சூரியன் தலைக்கு நேர் மேலிருந்து 19 டிகிரி அளவுக்குத்தான் வடக்கே சாயும். கூரை இறவாரம் அதில் பெரும்பகுதியைப் பார்த்துக்கொள்ளும். கோயிலும் வடைக் கடையும் அந்தப் பக்கமே இருக்கிறதென்றால் அம்மாவுக்கும் அதுதான் இடம்.

இப்போது வடிவம். உங்கள் 6 அடித் திறப்பை வைத்தே கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

போ விண்டோ, ஐந்து சமப் பலகம், ஒவ்வொன்றும் 10 டிகிரி திரும்புகிறது என்று வையுங்கள். 6 அடி அகலத்தில் அது வெளியே துருத்துவது 8 அங்குலம்கூட வராது. நடுவில் அவ்வளவு, ஓரத்தில் அதுவும் இல்லை. அதில் பூந்தொட்டி உட்காரும், அம்மா உட்கார மாட்டார். போ விண்டோ அழகாக இருப்பது 10, 12 அடி அகலச் சுவரில்தான். இன்னொன்று, ஐந்து பலகம் என்றால் மேலிருந்து கீழே ஓடும் இணைப்பு ஆறு. மூன்று பலகத்துக்கு நான்கு. தண்ணீர் இணைப்பு வழியாகத்தான் வரும், கண்ணாடி வழியாக வராது.

பே விண்டோ, பக்கப் பலகம் 45 டிகிரி, ஒன்றரை அடி துருத்தல். பக்கப் பலகம் ஒவ்வொன்றும் இரண்டு அடிக்குக் கொஞ்சம் மேல், நடுப் பலகம் 3 அடிதான். அதாவது திண்டின் வெளி விளிம்பு 3 அடியாகச் சுருங்கிவிடும். நாற்காலி மாதிரி வெளியே முதுகைக் காட்டி உட்காரலாம், கால் நீட்ட முடியாது.

பெட்டி, 90 டிகிரி. ஒன்றரை அடி துருத்தினால் 6 அடியும் 6 அடியாகவே இருக்கும். சுவர்ப் பருமன் 5 அங்குலத்துக்கு மேல் இருக்கும், அதையும் சேர்த்தால் திண்டு ஏறக்குறைய 2 அடி அகலம். அம்மா நீளவாக்கில் முதுகு சாய்ந்து கால் நீட்டி உட்காரலாம். உங்களுக்குக் கடை கவுண்டர், அவருக்கு அஞ்சடி.

நான் கட்டுவதாக இருந்தால் இன்னொன்றும் செய்வேன். பெட்டிக்கு இரண்டு கன்னம் உண்டு, ஒன்று மேற்கே பார்க்கும், ஒன்று கிழக்கே பார்க்கும். மேற்குக் கன்னத்துக்குக் கண்ணாடியே வேண்டாம், செங்கல் வைத்து மூடிவிடுங்கள். வெயில், சுமத்ரா மழை இரண்டும் அங்கேயே நின்றுவிடும். அம்மா அதில் முதுகைச் சாய்த்தால் முகம் தானாகக் கிழக்கே, வடைக் கடையைப் பார்த்து இருக்கும். கண்ணாடியில் எத்தனை நேரம் சாய முடியும்?

ஆனால் அப்படி மூடினால் நடுப் பலகத்தை நிலையான கண்ணாடியாக விடக் கூடாது. 1984 கட்டட விதிகளில் 39-ஆம் விதி: அறைத் தரைப் பரப்பில் 10 விழுக்காடு சன்னல் இருக்க வேண்டும், காற்று வரத் திறக்கிற பகுதி 5 விழுக்காடு இருக்க வேண்டும். உங்கள் அறை 144 சதுர அடி, ஆக 7.2 சதுர அடி திறந்தாக வேண்டும். கிழக்குக் கன்னம் ஒன்றரை அடிக்கு 4 அடி, மொத்தமே 6. போதாது. நடுவை இரண்டு கதவாகப் பிரித்துத் திறக்க வையுங்கள். காற்றும் வரும், விதியும் சரியாகிவிடும். அம்மா வெற்றிலை போடுகிறவரா? அப்படியானால் கட்டாயம் திறக்கிற சன்னல்தான், இல்லாவிட்டால் புதுக் கண்ணாடியின் கதி உங்களுக்கே தெரியும்.

உயரம்: திண்டு தரையிலிருந்து 18 அங்குலம். கண்ணாடி பழையபடி 3 அடியிலிருந்து தொடங்கட்டும். இடைப்பட்ட ஒன்றரை அடிச் சுவர் முழங்கை வைக்க, பேரப்பிள்ளைகள் விழாமல் இருக்க. உட்கார்ந்தபடி பார்த்தால் கண் 3 அடிக்கு மேலேதான் இருக்கும், சாலை மறையாது. 6 அடித் திறப்பை அகலப்படுத்தாதீர்கள். மேலே சுவர்ப் பாரத்தைத் தாங்கி நிற்கும் லிண்டல் கட்டை 6 அடிக்குப் போட்டது. அகலப்படுத்தினால் முட்டுக் கொடுத்து உடைத்துப் புது லிண்டல் போட வேண்டும், வேலை இரட்டிப்பாகும்.

அடித்தளம்தான் நிறைய பேர் கோட்டை விடுகிற இடம். வெளியே புல்தரையில் நான்கு செங்கல்லை வைத்து அதன் மேல் பெட்டியை நிறுத்துவார்கள். புது மண் இறங்கும், பழைய வீடு இறங்கியாகிவிட்டது. ஒரு மழைக்காலம் போனால் நடுவில் விரல் நுழைகிற விரிசல். பழைய தரை பீமில் துளை போட்டு, கம்பி நட்டு, ரசாயனப் பசை ஊற்றி, அந்தக் கம்பியோடு புது அடித்தளத்தைக் கட்டச் சொல்லுங்கள். இந்த வேலையன்று மட்டும் லீவு போட்டு வீட்டில் இருங்கள். கான்கிரீட் ஊற்றிய பிறகு கம்பி இருக்கிறதா இல்லையா என்று யாருக்கும் தெரியாது.

மேல்பக்கம்: உங்கள் இறவாரம் எத்தனை அடி என்று எழுதவில்லையே? இரண்டரை அடி இருந்தால் ஒன்றரை அடிப் பெட்டி அதற்குள் அடங்கிவிடும், தனிக் கூரை வேண்டாம். தனிக் கூரை இல்லையென்றால் கூரை ஒழுக்கும் இல்லை. எப்படியும் பெட்டியின் தலைப்பலகையை வெளிப்பக்கம் சரித்து, அடிப்பக்கம் விளிம்பிலிருந்து ஓர் அங்குலம் உள்ளே தள்ளி விரல் அகலத்துக்கு ஒரு பள்ளக் கோடு இழுத்துவிடச் சொல்லுங்கள். தண்ணீர் அந்தக் கோட்டைத் தாண்டாமல் சொட்டிவிடும். கோடு இல்லையென்றால் அடிப்பக்கமாகவே ஊர்ந்து சுவருக்குப் போகும்.

சிலிகான் பூசும்போது மூக்கை நீட்டிப் பாருங்கள். வினிகர் வாசனை அடித்தால் அந்தக் குழாயைத் திருப்பிக் கொடுங்கள். அது மீன் தொட்டிக்கு ஆகும், சிமெண்டில் பிடிப்பு நிற்காது. வாசனை அடிக்காத நியூட்ரல் வகைதான் வேண்டும்.

திண்டுக்கு மேல் ரப்பர் மரப் பலகை போடலாம் என்று யாராவது சொன்னால் வேண்டாம். நம் சனங்கள் வாழ்நாள் முழுக்கச் சீவிய மரம்தான், பாசம் இருக்கும். மருந்து ஏற்றாத பலகையைப் பூச்சி உமியாக்கிவிடும். டைல் அல்லது கிரானைட் போடுங்கள், வெயில் நேரத்தில் உட்காரக் குளிர்ச்சி.

திரைச்சீலை அக்கா (ஈப்போ)

அண்ணன் எல்லாம் சொன்னார், கிரில்லையும் கர்ட்டனையும் விட்டுவிட்டார். ஆம்பளைகளுக்கு அது தீபாவளிக்கு முந்தின வாரம்தான் ஞாபகம் வரும்.

கிரில்லை எங்கே வைக்கப் போகிறீர்கள் என்று இப்போதே முடிவு பண்ணுங்கள். பழைய சுவர்க் கோட்டில் தட்டையாக ஒரே கிரில் போட்டால் செலவு குறைவு, அதனால் கிரில்காரர் அதைத்தான் சொல்வார். போட்டால் திண்டு கிரில்லுக்கு அந்தப் பக்கம் போய்விடும்! அப்படி ஒரு வீட்டில் கர்ட்டன் தைக்கப் போனேன். திண்டு மேல் பழைய பேப்பர் அடுக்கி வைத்திருந்தார்கள், வேறு என்ன செய்வது? கிரில் பெட்டியின் உள்ளுருவத்தோடு ஓட வேண்டும். 90 டிகிரி என்றால் பற்றவைப்பதும் லேசு. நடுவில் ஒரு பகுதி பூட்டுச் சாவியோடு திறக்கட்டும், தீ கீ என்றால் ஆள் வெளியேற வழி வேண்டும். சாவியை அம்மாவுக்கு எட்டுகிற ஆணியில் மாட்டுங்கள்.

கொசுவலையையும் சேர்த்தே யோசியுங்கள். சன்னல் வெளியே திறக்கும், கிரில் உள்ளே, வலை நடுவில். கைப்பிடியைப் பிடிக்க வலை வழி விடுகிறதா என்று பார்த்துத்தான் ஆர்டர் கொடுக்க வேண்டும்.

கர்ட்டன்: போ விண்டோவுக்கு வளைகிற ரயில் வேண்டும், 45 டிகிரி பே விண்டோவுக்கு முழங்கை மாதிரி மடங்குகிற ரயில். இரண்டுக்கும் கடையில் தொங்கும் ரெடிமேட் கர்ட்டன் சரிப்படாது, தைத்துத்தான் ஆக வேண்டும். வருசா வருசம் தீபாவளிக்கு மாற்றுகிறவர்களுக்கு அது வருசா வருசம் செலவு. எனக்கு நல்ல பிழைப்பு, உங்களுக்குச் சொல்கிறேன். பெட்டி என்றால் அதற்குள் வைக்காமல், அறைப் பக்கம் பழைய சுவர் மேலேயே நேர் ரயில் அடித்து முழுத் திண்டையும் மறைத்துவிடலாம். எந்தக் கர்ட்டனும் தொங்கும்.

பெடோங் பையன் (பெடோங்)

அண்ணே, இடையில் நுழைகிறேன். எங்கள் வீடு இரட்டை மாடி, மேல் படுக்கையறையில் இதே மாதிரி செய்யலாமா? கீழே ஒன்றும் கட்ட வேண்டாம், அந்தரத்தில் நிற்கும் மாதிரி.

தைப்பிங் மழை

செய்யலாம் தம்பி, ஆனால் அது வேறு வேலை. 6 அடி அகலம், ஒன்றரை அடி துருத்தல், 4 அங்குலப் பருமன் கான்கிரீட் என்றால் பலகை மட்டுமே 200 கிலோ. அதன் மேல் சுவர், கண்ணாடி, கிரில், நீங்கள், உங்கள் நண்பர். செங்கல் சுவரில் கொக்கி போட்டுத் தொங்கவிடுகிற காரியம் இல்லை. மாடித் தரை பீமிலிருந்து நீண்டு வர வேண்டும். அந்தரத்தில் நீளும் பலகைக்கு முக்கியக் கம்பி மேல்பக்கம் இருக்க வேண்டும், ஏனென்றால் பாரம் ஏறும்போது மேல்பக்கம்தான் இழுபடும். சாதாரணத் தரைக்கு அடியில் கம்பி கட்டிப் பழகிய கை இங்கேயும் அடியிலேயே கட்டிவிடும். கான்கிரீட் கொட்டும்போது மேல் கம்பியை மிதித்துக் கீழே இறக்கிவிடுவதும் நடக்கும். எஞ்சினியர் கையெழுத்தில்லாமல் தொடாதீர்கள். திண்டு ஆசையை விட்டுவிட்டு, அலுமினியச் சட்டத்தில் ஓர் அடி மட்டும் துருத்துகிற சன்னல் போதுமா என்று அவரிடமே கேளுங்கள், பாரம் பாதிக்கும் கீழே வந்துவிடும்.

ஓரவீட்டுத் தங்கச்சிக்கு விட்டுப்போனது: கார்டன் விண்டோ. சமையலறை பின்சந்துப் பக்கம்தானே? உங்கள் பின்சுவர் நில எல்லை வரை போயிருந்தால், அதைத் தாண்டி ஓர் அங்குலம் நீட்டினாலும் அது மஜ்லிஸ் (நகராட்சி) சந்து. அங்கே பெட்டி தொங்கவிட முடியாது. எல்லைக்கு உள்ளே இடம் இருந்தாலும், அதன் தலையும் கண்ணாடி. வருசத்தில் இரண்டு தடவை, ஏப்ரல் தொடக்கத்திலும் செப்டம்பர் இரண்டாம் வாரத்திலும், சூரியன் நம் உச்சிக்கு நேராக வரும். புதினா வெந்து துவையலாகிவிடும். அதோடு தொட்டித் தட்டில் தேங்கும் தண்ணீரில் ஏடிஸ் கொசு ஒரு வாரம் பத்து நாளில் முட்டையிலிருந்து பறக்கத் தொடங்கிவிடும். சுகாதார அதிகாரி வந்து புழுவைக் கண்டால் 1975 பூச்சி ஒழிப்புச் சட்டத்தில் அபராதம். கருவேப்பிலையைப் புல்தரையில் நடுங்கள், மரமாகவே வளரும்.

ஓரவீட்டுக்காரி

அண்ணே, அக்கா, எல்லாருக்கும் நன்றி. போ விண்டோவைக் கைவிட்டுவிட்டேன், 8 அங்குலக் கணக்கைப் பார்த்ததும் போய்விட்டது. அம்மாவிடம் திண்டைப் பற்றிச் சொன்னேன். "வடைக் கடைக்காரி கடன் கேட்டு வந்தால் ஒளிய முடியாதே" என்றார். வெற்றிலை, ஆமாம், போடுவார்.

வீட்டுக்காரர்தான் இடக்குப் பண்ணுகிறார். ஒரு கன்னம் சுவர், ஒரு கன்னம் கண்ணாடி என்றால் சாலையிலிருந்து பார்க்க அரைகுறையாக விட்ட மாதிரி இருக்குமாம். அது போகட்டும், இதற்கு மஜ்லிஸில் பிளான் கொடுக்க வேண்டுமா? கண்டிராக்டர் "சன்னல் மாற்றுவதற்கு எதற்கு பிளான்" என்கிறார். இறவாரம் அளந்தேன், சுவரிலிருந்து 2 அடி 4 அங்குலம் இருக்கிறது.

தைப்பிங் மழை

இருந்த இடத்திலேயே சன்னல் மாற்றினால் அது ஒரு கதை. சுவரை உடைத்து வெளியே அடித்தளம் போட்டால் அது கட்டட மாற்றம். 1974 சாலை, வடிகால், கட்டடச் சட்டம் 70-ஆம் பிரிவு மஜ்லிஸ் அனுமதி கேட்கும். ஓர வீட்டுக்குப் பக்க நிலம் உங்களுடையதுதான், ஆனால் சாலையோரம் விட வேண்டிய இடைவெளி என்று ஒன்று இருக்கும். ஒன்றரை அடி அதைத் தொடுகிறதா என்று பிளான் வரைகிறவரை முதலில் பார்க்கச் சொல்லுங்கள். பின்னால் உடைக்கச் சொல்லி நோட்டீஸ் வந்தால் கண்டிராக்டர் போன் எடுக்க மாட்டார்.

மாப்பிள்ளைக்கு: மேற்குக் கன்னத்தின் உள்பக்கம் ஒரு மாடம் விடுங்கள், வெற்றிலைப் பெட்டியும் தண்ணீர்ச் செம்பும் வைக்க. பின்னால் மெல்லிய சுவர் இருக்கட்டும், துளை போட வேண்டாம். வெளிப்பக்கம் அதே அளவுக்கு ஒரு சட்டம் மாதிரி பூச்சு வேலை செய்து, மற்றக் கன்னத்தின் கோட்டோடு கோடு சேர்த்துவிட்டால் சாலையிலிருந்து ஒரே சன்னல் மாதிரிதான் தெரியும்.

2 அடி 4 அங்குலம் என்றால் பெட்டியை 16 அங்குலமாகக் குறைத்துக்கொள்ளுங்கள். வெளியே சரியாக ஓர் அடி இறவாரம் மிஞ்சும், உள்ளே சுவரோடு சேர்ந்து திண்டு 21 அங்குலம் வரும். அம்மாவை ஒரு பெஞ்சில் கால் நீட்டி உட்கார வைத்து, அந்த அகலம் போதுமா என்று அளந்து பார்த்துவிட்டு பிளான்காரரிடம் கொடுங்கள்.